ஓட மறந்த திருடன்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? இன்று நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

போலீஸ் பயிற்சியில் இன்று கைது செய்யும் தேர்வு. தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திருடனாக நடித்த ஏட்டுக்கு முதலில் விலங்கு மாட்ட வேண்டும், பிறகுதான் அவருடைய உரிமைகளைச் சொல்ல வேண்டும். நானோ பதற்றத்தில் உரிமைகளை மளமளவென்று ஒப்பிக்கத் தொடங்கிவிட்டேன். அவர் வாய்பிளந்து கேட்டுக்கொண்டே நின்றார்.

“யோவ், ஓடுய்யா!” என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

“இருங்கய்யா, பாப்பா முடிக்கட்டும்!” என்றார் ஏட்டு.

முடித்த கையோடு விலங்கை மாட்டினேன்.

“தேறிட்டே. ஆனா நிஜத் திருடன் நிக்கமாட்டாம்மா!” என்று இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார்.

பூட்ஸ் கடித்ததில் சின்னக் கொப்புளம்தான், தடித்த காலுறை அனுப்புங்கள். அம்மாவையும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், திட்டி எழுதினாலும் சரி. அடடா, விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் மகள்