அசனமும் அத்தானின் ஆங்கிலமும்

1953 ஜூலை 2, வியாழன்

அத்தானுக்கு இன்று புது வார்த்தை கிடைத்துவிட்டது: எக்ஸ்ட்ராவகன்ஸ். துறைமுக அதிகாரிகள் கடைக்கு வந்தால் இங்கிலீஷில் பேசவேண்டுமாம். தினம் அகராதியில் ஒரு சொல். "அளவுக்கு மீறிய வீண்செலவு" என்று அர்த்தம் படித்தார். படித்ததோடு விட்டாரா? தாளிக்க இன்னொரு கரண்டி எண்ணெய் ஊற்றினேன் — எக்ஸ்ட்ராவகன்ஸ். பூ கேட்டேன் — எக்ஸ்ட்ராவகன்ஸ். ராயபுரத்தில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கிற மனுஷர்! கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. காலம் முழுக்க இப்படியேவா?

ஜூலை 4, சனி

மிஷன் பள்ளியில் படித்தவள் இல்லையா, எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "தேவைக்கு மேலே போறதெல்லாம் எக்ஸ்ட்ராவகன்ஸ் இல்லை அத்தான். யாருக்கும் உதவாமப் போறதுதான்."

"நீ டீச்சர் ஆயிருக்கணும்ளா" என்றார். பூ வரவில்லை.

ஜூலை 8, புதன்

ஞாயிற்றுக்கிழமை அசனம். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து கடை போட்ட சபையார் எல்லாரும் வருஷத்தில் ஒருநாள் சர்ச் வளாகத்தில் போடும் சாப்பாடு. யார் வந்தாலும் இலை உண்டு. போதும் என்று உண்பவர்தான் சொல்லவேண்டும், நாம் சொல்லக்கூடாது.

சமையல் பொறுப்பு இந்தத் தடவை அத்தானிடம்! சபைக் குடும்பங்களுக்கு மட்டும் பார்த்து அரிசி அளக்கிறார். "கறி வாசனைக்கு ஊரே வந்துருமே" என்றேன். என்ன பதில் வந்தது என்று எழுதவும் வேண்டுமா?

ஜூலை 12, ஞாயிறு

இரண்டாம் பந்தியிலேயே சோறு காலி. வாசலில் குப்பத்துச் சனமும் துறைமுகக் கூலிகளும் நிற்கிறார்கள். அண்டாவில் ஆட்டுக்கறி மட்டும் கொதிக்கிறது. அசனத்தில் சோறு இல்லை என்றால் நாளைக்கு யார் முகத்தில் முழிப்பது?

மீன் விற்கிற அங்கம்மா இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இன்னா நைனா, எல கீது, சோத்தக் காணோமே?" என்றாள். அத்தான் முகம் செத்துப்போச்சு.

வேட்டியை மடித்துக் கட்டினார். கடைச் சாவியோடு ஓடினார். கைவண்டியில் அரிசி மூட்டைகளை அடுக்கி, தானே தள்ளிக்கொண்டு வந்து நின்றார் — விற்பனைக்கு வைத்திருந்த சீரகச் சம்பா! சோறு வேகும்வரை ஒருத்தரும் எழுந்து போகவில்லை. பொழுது சாயும்வரை அவரே பரிமாறினார்.

"போதும் நைனா, வவுறு வெடிச்சிடும்!" என்று அங்கம்மா இலையைக் கையால் மறைத்தாள். கையை விலக்கச் சொல்லி இன்னொரு கரண்டி போட்டார். இவரா என் புருஷன்? சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு.

ஜூலை 13, திங்கள்

கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பரிமாறியதில் அத்தானுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அகராதியை இன்று தொடவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர், அடுத்த வருஷ அசனத்துக்கு யார் யார் என்ன தருகிறீர்கள் என்று கேட்டார். அரிசி முழுவதும் எங்களுடையது என்று அத்தான் எழுந்து சொல்லிவிட்டார், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

பெண்கள் பக்கத்திலிருந்து நானும் எழுந்தேன். ஆடுகளும் எங்களுடையவைதான் என்றேன், அவரை ஒரு வார்த்தை கேட்காமல்.