நம்பர் 2 தின்னாத தீவனம்

ஏப்ரல் 7, திங்கள்

காலை ஏழு மணிக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். கொட்டகையில் நான்கு மின்விசிறி, சுற்றிலும் ஈரச் சாக்கு. அப்படியும் ஒட்டக இனத்து அல்பகா இரண்டும் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்குகின்றன. குளிர் மலையில் பிறக்கும் பிராணியை நாமக்கல்லில் கொண்டுவந்து கட்டிய மகானுபாவர் எங்கள் ஆய்வு நிலைய டைரக்டர். இனி டை. முழுதாக எழுத மை வீண்.

வியாழக்கிழமை கழுத்தில் ரத்தம் எடுக்க வேண்டும். நான்காவது முறை, கடைசி. இவற்றின் ரத்தத்தில் ஒருவகை எதிர்ப்பொருள், மிகச் சிறியது, சூடு தாங்கும். அதைப் பிரித்தெடுத்து, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வந்திருக்கிறதா என்று பண்ணையிலேயே பார்க்க ஒரு சோதனை அட்டை செய்வதுதான் என் ஆராய்ச்சி. நாலு வருடம் போயிற்று. வியாழன் ரத்தம் சரியாக வந்தால் முடிந்தது.

இன்று:
– புதுத் தீவன மூட்டை. மில்லுக்கு நான் சீட்டு எழுதியனுப்பி அரைத்தது. எடை சரி.
– ஐஸ் பெட்டி கழுவ.
– அம்மாவுக்கு போன். வேண்டாம், கல்யாணப் பேச்சு.

நம்பர் 2 என் கண்ணாடி மேல் துப்பியது. அழுகிய பச்சைத் தழை நாற்றம். பராமரிப்பு மாரப்பன் திரும்பி நின்று சிரித்தார். மேச்சேரிக்காரர், ஆடு வளர்த்தவர் என்று டை. பிடித்து வந்த ஆள். நம்பர் போட்டு எழுதுங்கள் என்றால் பதிவேட்டில் ‘பெரியவ, சின்னவ’ என்று எழுதுகிறார்.

ஏப்ரல் 8

நம்பர் 2 தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மாரப்பன் என்னைக் கேட்காமலே இரண்டு தொட்டியையும் சுரண்டிக் கொட்டிவிட்டுப் பச்சைத் தீவனமாக வேலிமசால் அறுத்துப் போட்டிருக்கிறார். எரிச்சல். தினம் ஒரே தீவனம், ஒரே எடை என்று திட்டத்தில் எழுதியிருக்கிறது. இவர் இஷ்டத்துக்கு அறுத்துப் போட இது மேச்சேரி ஆட்டுப்பட்டி அல்ல என்றேன்.

“வாசனை புடிக்கலைங்க மேடம். மூட்டைய மாத்தச் சொல்லுங்க.”

வாசனையாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தின்னும்வரை பச்சை கிடையாது என்று கறாராகச் சொன்னேன். மிச்சப் பச்சையை அள்ளிக்கொண்டு போனார். திருப்தி.

ஏப்ரல் 9

நம்பர் 2-இன் தடுப்புக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம். மாரப்பன் அந்தப் பக்கம் நம்பர் 1-உடன். முறைத்தார், முறைத்தேன். பசி தாங்காமல் நம்பர் 2 பதினொன்றரைக்கு வாய் வைத்தது. சாயந்திரம் தொட்டி காலி.

ஜெயித்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ரத்தம் எடுக்கவில்லை. நம்பர் 2 எழுந்திருக்கவில்லை. பின்னங்கால் துவண்டு கிடக்கிறது. சிறுநீர் காப்பித் தண்ணீர் நிறம். டை. போனில் சொன்னது, “படுத்தாப்புலயே எடுத்துரும்மா.” மனுஷனா. போனை வைத்தேன்.

குளுக்கோஸ் ஏற்றினேன். மாரப்பன் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 11

விடியலில் செத்தது.

நானே அறுத்துப் பார்த்தேன். இதயத்தில் வெளிறிய கோடுகள், தொடைச் சதையிலும். பார்த்ததும் புரிந்தது. கோழிக்குஞ்சுத் தீவனத்தில் ரத்தக்கழிச்சலுக்குக் கலக்கும் மருந்து. குஞ்சுக்கு ஒன்றும் செய்யாது. இந்த இனத்துக்கு விஷம். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

மில்லுக்கு போன்.

“ஆமாங்க மேடம், உங்குளுதுக்கு முந்தி குஞ்சுத் தீவனந்தானுங்க ஓடுச்சு. மிக்சரக் களுவோணும்னு சீட்டுல போடவே இல்லீங்களே?”

போடவில்லை. இந்த ஊரில் எல்லா மில்லிலும் கோழிக்குத்தான் அரைக்கிறார்கள் என்று தெரிந்தும் போடவில்லை. எடை எழுதினேன், கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 12

டை. அறிக்கை தயார் செய்துவிட்டார்: ‘பணியாளர் கவனக்குறைவாகத் தவறான தீவனம் அளித்ததால்...’ சீட்டைப் பற்றி வாயெடுத்தேன். கேட்காத மாதிரி பேனாவை நீட்டினார். மாரப்பன் இன்றோடு நின்றுவிட்டார் என்றும் சொன்னார்.

கையெழுத்துப் போட்டேன். டை. மீது, மில் மீது, இந்த வெயில் மீது, எல்லாவற்றின் மீதும் வெறுப்பு. என்னைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 15

மாரப்பன் அவருடைய துண்டை எடுக்க வந்தார். நம்பர் 1 எப்படித் தப்பித்தது என்று கேட்டேன். நான் நம்பர் 2-ஐக் காவல் காத்தபோது இந்தப் பக்கம் நம்பர் 1-க்கு வேலிமசால் போட்டுத் தீவனத்தைச் சாக்குக்கு அடியில் தள்ளிவிட்டாராம். அறிக்கையைப் பற்றிப் பேசவே இல்லை.

“சின்னவளுக்கும் கொட்டீருக்கோணுமுங்க. நீங்க முன்னால நாக்காலி போட்டுக் குக்கீட்டிருந்தீங்க. பயந்துட்டேன்.”

போய்விட்டார். என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார். அம்மாகூட என்னைப் பார்த்துப் பயந்ததில்லை.

டை. புதுப் பதிவேடு ஒன்றைக் கொடுத்து, பழையதைப் பார்த்துச் ‘சுத்தமாக’ எழுதச் சொன்னார். நாளைக் காலை விசாரணைக் குழு. பழையதில் 9-ம் தேதிக்கு எதிரே மாரப்பன் கையெழுத்தில்: சின்னவ திங்கல. மேடம் முன்னால இருந்து திங்க வெச்சாங்க.

ஏப்ரல் 16

பழைய பதிவேட்டையே குழுவின் மேசை மேல் வைத்தேன். 9-ம் தேதியைப் பிரித்துக் காட்டினேன். பக்கத்தில் மில் சீட்டின் நகல். சீட்டு என்னுடையது, அறிக்கை பொய் என்று சொன்னேன். என் ஆராய்ச்சியை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

மாரப்பனுக்கு மூன்று தடவை போன். எடுக்கவில்லை.

நம்பர் 1 காலையிலிருந்து பட்டினி. அவருடைய அரிவாளை எடுத்துக்கொண்டு வேலிமசால் அறுக்கப் போனேன். அரைக் கட்டு சேர்வதற்குள் விரலில் வெட்டு. கொண்டுவந்து போட்டேன். முழுவதும் தின்றது. தின்று முடித்து நிமிர்ந்து, என் முகத்தில் துப்பியது.