தேங்காய்ச் சில்லு

போடிமெட்டு ஏலத்தோட்டத்திலிருந்து மாரீஸ்வரன் சாயங்கால ஜீப்பில் வந்து இறங்குவதற்குள் கிளம்பிவிட வேண்டும். அவன் மனைவி சுஜிதா மருந்துக்கடை பில்லைத் திருப்பிப் போட்டு எழுதினாள்.

"மாமா, மதுரைக்குப் போறேன். ராத்திரி அக்கா வீட்டுல இருப்பேன். காலையில ஆஸ்பத்திரியில வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாக்குறாங்க. சோறும் ரசமும் இருக்கு. பாலைக் காய்ச்சி வைங்க. காலையில கெளம்புறப்ப சாவியை எதுத்த வீட்டு மருதாயி அக்காட்ட குடுத்துருங்க."

பேனா நின்றது. ரெண்டு வருஷமாகத் தின்றது எதுவும் தங்காமல் அவள் இளைத்துக்கொண்டே வருகிறாள். "அதான் தொக்கம் எடுத்தாச்சுல்ல, இன்னும் எதுக்கு டாக்டரு?" என்று நேற்றும் அவன் சண்டை போட்டான். போன வாரம் தொக்கம் எடுப்பவர் அவள் வயிற்றை நீவி, ஊதி, உள்ளே அடைத்திருந்தது இதுதான் என்று ஒரு தேங்காய்ச் சில்லைக் கையில் வைத்துக் காட்டியபோது, மாரீஸ்வரன் கண் கலங்கி அவரைக் கும்பிட்டான்.

மறுபடி எழுதினாள்.

"வலிக்குதுன்னு நான் தேங்காயத் தொட்டே ஒரு வருஷம் ஆச்சு மாமா. அன்னைக்கு உங்க மொகத்தப் பாத்துட்டு எனக்குச் சொல்ல வாய் வரல. கோவிச்சுக்கிறாதீங்க. என்ன சீக்குன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். பில்லில் இடமில்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்.

"கூட ஒரு ஆளு இருந்தாத்தான் குழாய் விடுவாங்களாம். யாரு வர்றாங்கன்னு கேட்டாங்க. உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன்."