சாமி வாங்கவில்லை, பாவா

கேட்காமலே எங்கள் தலையில் ஒரு நாடகத்தைக் கட்டிவிட்டுப் போன என் பிரியமான பாவாவுக்கு,

கோபத்தில் எழுதுகிறேன். அழுகை வந்தால் எழுத்து கோணும், கோபத்தில் நேராக வருகிறது. அக்காவிடம் பேசலாம் என்றால், உங்கள் பெயரை எடுத்தாலே அவள் அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறாள். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். கனகம்மாசத்திரத்தில் டயர் கடை வைத்திருந்த என் அக்கா புருஷன் ஒரு நாடகம் எழுதினார். பஞ்சத்தில் ஒரு தாய் தன்னையும் தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் கோயிலுக்கு அடிமையாக விற்கிற கதை. அந்தக் காலத்தில் அப்படி நடந்ததைக் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். விற்கப்பட்டவர்களின் தோளில் சூலக்குறி சுட்டார்கள். அந்தச் சூடு போடும் காட்சிதான் உங்கள் நாடகத்தின் உயிர்.

ஆடிக் கிருத்திகைக்குத் தவறாமல் காவடி எடுத்து மலை ஏறுகிறவர் நீங்கள். சாமி கும்பிடுகிறவன் இப்படி எழுதலாமா என்று ஒத்திகையில் ஒருவர் கேட்டார். "சாமி யாரையும் வாங்கலீங்க. சாமி பேர சொல்லிகினு மனுசன்தான் வாங்கினான்" என்றீர்கள்.

நாடகம் மேடை ஏறுவதற்குள் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. நீங்கள் போடுவதாக இருந்த, ஆட்களை விலைக்கு வாங்கும் கோயில் கணக்கர் வேஷத்துக்கு ஆளில்லை. உங்கள் வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம் என்பதால் மீசையை ஒட்டிக்கொண்டு நானே ஏறினேன். பசை பயங்கரமாக அரிக்கிறது, அதை ஏன் நீங்கள் சொல்லவே இல்லை? அக்கா அடிமைத் தாய். உங்கள் காரியம் முடிந்த கையோடு அவள் ஒத்திகைக்கு வந்ததை ஊரே பேசியது. பேசட்டும்.

முதல் நாடகம் திருத்தணியில், கல்யாண மண்டபத்தில். கணக்கராக நின்று, "சாமிக்குப் பிள்ளை கொடுப்பவர் யார்?" என்று கேட்டேன். அக்கா வாய் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு மேடை ஏறி வந்துவிட்டாள். நம் பக்கத்தில் நோஞ்சான் குழந்தையைச் சாமிக்கு விற்று, ஒரு பிடி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்களே, அந்த நேர்த்திக்கடன் என்றே அவள் நினைத்துவிட்டாள். உங்களையும் அப்படி விற்று வாங்கியதாக உங்கள் அம்மா சொல்வார்கள். அதனால் அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை.

கோபமெல்லாம் நம் குழுத் தலைவர்மேல். மைக் செட்டும் விளக்கும் அவருடையது என்பதால் தலைவர். அவர் பக்கவாட்டிலிருந்து ஓடிவந்தார். குழந்தையை வாங்கி என் காலடியில் கிடத்தி, திருநீறு பூசி, "சாமிக்கு வித்தாச்சு, வாங்கிக்கம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். மண்டபம் முழுக்க அரோகரா. மீசையோடு மரம் மாதிரி நின்றேன்.

மறுநாளே புது ஃபிளெக்ஸ் அடித்தார். 'பிள்ளை வரம் காக்கும் பக்தி நாடகம்.' மணவூரில் போட்டபோது தாய்மார்கள் தவிட்டுப் பையோடு வரிசையில் நின்றார்கள். சூடு போடும் காட்சி போயிற்று. அக்காவின் அழுகை போயிற்று. அடிமைத் தாய் கடைசியில் சிரித்துக்கொண்டே தீபம் ஏற்ற வேண்டுமாம். நீங்கள் எழுதினீர்களா அதை?

நேரிலேயே கேட்டேன். "பாவா எழுதினத எதுக்குங்க வெட்டுனீங்க?"

"ஜனம் சந்தோசமா வந்துகினு கீது. நீ இன்னாத்துக்கு அபசகுனமா பேசற? அந்தக் காலத்துல அவங்களே பக்தியோட குடுத்துக்கினாங்க. கஷ்டம் இன்னா அதுல?"

கஷ்டம் என்னவாம். சோற்றுக்கு வழியில்லாமல் பெற்றதை விற்றவளிடம் போய்ச் சொல்லட்டும், நீ பக்தியோடு கொடுத்தாய் என்று. இவர் பிள்ளையின் தோளில் யாராவது பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைக்கட்டும், அப்போது தெரியும். எனக்கு வாய் வரை வந்தது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

போன வாரம் ஆர்.கே.பேட்டை. தறிவேலை முடித்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். வரிசையில் முதலில் ஒரு சின்னப் பெண், பச்சைப் புடவை. குழந்தையை என் கையில் கொடுத்தாள். தூங்கிக்கொண்டிருந்தது. தவிட்டை நீட்டினாள். தலைவர் திரைக்குப் பக்கத்திலிருந்து திருநீற்றுத் தட்டைக் காட்டினார்.

நான் தட்டைத் தொடவில்லை. உங்கள் வசனத்தைச் சொன்னேன், பாவா. "விலை கொடுத்து வாங்கியதைத் திருப்பித் தரும் வழக்கமில்லை. இதுவும், இதன் வயிற்றில் பிறப்பதும், அதன் வயிற்றில் பிறப்பதும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை கோயிலுக்கு அடிமை."

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு மறுபடியும் கையை நீட்டினாள். நான் குழந்தையோடு ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"குடுங்க, போதும்" என்றாள். குரல் மாறியிருந்தது. "என் புள்ளய குடுங்க."

இதற்குமேல் பிடித்து வைப்பது பாவம் என்று தெரிந்தது. அதற்குள் அக்கா வந்தாள். என்னிடமிருந்து குழந்தையை வாங்கி அவளிடம் கொடுத்து, "நீ போம்மா, உன் புள்ளய எடுத்துகினு போ" என்றாள். அப்புறம் என் முன்னால் மண்டி போட்டாள். முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள். "எங்களுக்குத்தான் போக எடமில்ல. சுடுங்க" என்றாள்.

அது நீங்கள் எழுதாத வசனம். கையில் கம்பிகூட இல்லை. வெறுங்கையால் அவள் தோளில் சூலக்குறி போட்டேன். உங்கள் காரியத்தன்று அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அவள் கத்தினாள். யாரும் அரோகரா சொல்லவில்லை. வரிசையில் நின்ற தாய்மார்கள் ஒவ்வொருவராகக் குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு கீழே போய் உட்கார்ந்தார்கள்.

தலைவர் விளக்கை அணைத்தார். வெளியே வந்து, "இனிமே எவன் உங்களுக்கு மைக் குடுக்கறான்னு பாக்கறேன்" என்றார். பார்க்கட்டும். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டேன், பயமுறுத்திவிட்டேன் என்று. அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்காகவே காத்து நின்றிருந்தாள். அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தம்மாவுக்கு அவங்க புள்ளைங்க திரும்பக் கெடச்சாங்களாக்கா?"

அக்கா பொய் சொல்லவில்லை. "இல்லம்மா" என்றாள்.

"அப்ப அத எல்லார்க்கும் காட்டுங்க" என்றாள் அவள்.

காட்டுவோம், பாவா. மைக் இல்லாவிட்டால் தொண்டை இருக்கிறது. நீங்கள் எழுதியதில் ஒரு வரியை இனி எவனையும் வெட்ட விடமாட்டேன். அக்கா சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அது உங்கள் வசனத்தைவிட நன்றாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வேஷத்தைக் கழற்றாத மச்சினி,
கோமதி