பாறை வளைவின் கீழே மாமியார்

பாலைவனப் பூங்காக் காவல் குடிசை, தத்ரார்த்
3 ஜூன் 1986

என் ரைஷாவுக்கு,

நலம்தான், ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை. பெரிய பாறை வளைவின் உச்சியில் விரிசல் விட்டிருக்கிறது. போன மாதம் விரல் நுழைந்தது, இப்போது கையே நுழைகிறது. உன் அம்மா வழக்கம்போல ஆடுகளோடு வந்து, சரியாக அதன் அடியில் கூடாரம் அடித்துவிட்டாள்.

நான் மருமகன். நம் ஆண்கள் வழக்கப்படி, மாமியார் எதிரே முகத்துணியை இறக்க முடியுமா, சாப்பிட முடியுமா, பேசத்தான் முடியுமா? ஆள் அனுப்பிச் சொன்னேன். "மாப்பிள்ளைக்கு நிழல் வேணும்னா வேற எங்கயாவது பாத்துக்கச் சொல்லு" என்று பதில் வந்தது. நீ எழுதினால் கேட்பாள்.

அமாஸ்தான்

ஜானெட் ஆஸ்பத்திரி
10 ஜூன்

அன்புள்ளவருக்கு,

எழுதினேன். கடிதத்தைக் கொண்டுபோன டிரக்குக்காரர் படித்துக் காட்டினாராம். "எங்கப்பன் காலத்துலேர்ந்து நிக்கிற கல்லு, அவ புருஷன் காவலுக்கு வந்ததும் விழுந்துடுமா?" என்றாளாம். பிடித்தால் ஒரே பிடிதான்!

எனக்கு லீவு தர மாட்டேன் என்கிறார்கள். நிஜமாகவே விரிசல்தானா, இல்லை மாமியார் பக்கத்திலிருந்தால் சாப்பாடு இறங்கவில்லையா? கோபிக்காதீர்கள். என்னவாவது செய்து அவளைக் கிளப்புங்கள். எனக்கு இருப்பது ஒரு அம்மா.

ரைஷா

தத்ரார்த்
17 ஜூன்

ரைஷா,

செய்துவிட்டேன், திட்டாதே. மூன்று நாள் முன்பு உச்சிவெயிலில் ரொட்டியும் கையுமாகப் போய் அவள் கூடாரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். முகத்துணியை அவிழ்த்தேன். அவள் பார்க்கப் பார்க்க மென்று தின்றேன். உடம்பெல்லாம் கூசியது. "ஐயோ, மானம் போச்சே!" என்று முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள்.

இப்போது குன்றுக்கு அந்தப்புறம் இருக்கிறாள். இடம் காலியானது தெரிந்தால் திரும்பிவிடுவாள். அதனால் நான் எழுந்திருப்பதில்லை, மூன்று வேளையும் வளைவுக்கு அடியில்தான் சாப்பாடு. மேலே பொலபொலவென்று உதிர்ந்துகொண்டே இருக்கிறது. அவளைச் சீக்கிரம் அங்கே அழைத்துக்கொள்.

அமாஸ்தான்

ஜானெட்
24 ஜூன்

எழுந்துவிடுங்கள்! அம்மா நேற்றே இங்கே வந்துவிட்டாள். ஆடுகளை உறவுக்காரியிடம் விட்டுவிட்டு, குன்றுக்குப் பின்னால் வந்த டிரக்கில் ஏறிவிட்டாளாம். "மாப்பிள்ளைகிட்ட நான் எப்படிடி சொல்லிட்டு வர்றது?" என்கிறாள். வந்ததிலிருந்து ஒரே புலம்பல். "ஆடு மாதிரி மெல்லுறான், அவனை விட்டுத் தொலை!" என்கிறாள். சிரித்துவிட்டு உடனே இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் அங்கே யாருக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள்? இது கைக்கு வந்த நொடியே எழுந்துவிடுங்கள்.

ரைஷா

ஜானெட்
1 ஜூலை

என் அமாஸ்தானுக்கு,

போன கடிதம் பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டது. வளைவு வியாழக்கிழமை விழுந்துவிட்டதாம். குடிசையில் நீங்கள் இல்லையாம். உங்கள் ஒட்டகமும் இல்லை என்கிறார் டிரக்குக்காரர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கல்லைப் புரட்ட ஆட்கள் கிளம்பிப் போயிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தைப் படியெடுத்து, போகிற டிரக் ஒவ்வொன்றிலும் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். விடிந்ததிலிருந்து டிரக் நிற்கும் இடத்திலேயே நிற்கிறாள், கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறாள். உங்கள் பெயரை அவள் வாயால் சொல்லக்கூடாது அல்லவா? வருகிற டிரைவரையெல்லாம் நிறுத்தி, "அந்தக் காவல்காரர் சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்கிறாள்.

அவளுக்கு என்ன பதில் சொல்ல? எழுதுங்கள்.

ரைஷா