பதினாறு டின் சிப்ஸ்

ஏப்ரல் 4

அன்பும் வம்பும் நிறைந்த என் நாத்தனார் காதக்காவுக்கு,

அண்ணி எழுதுவது. சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். உன் அண்ணன் என்னோடு மல்லுக்கட்டி ஜன்னல் சீட்டை வாங்கிக்கொண்டு, விமானம் ஏறிய பத்தாவது நிமிஷம் குறட்டை விட்டார். மகள் வீடு ஏழாவது மாடியில் இருக்கிறது. நேற்று வாணலியில் எண்ணெய் காயவைத்தேன், கூரையில் ஒரு பெட்டி புகை புகை என்று அலறியது. நம் சிப்ஸ் கடையில் இருபத்தொரு வருஷம் எண்ணெய்ப் புகையில் நின்றவளுக்கு வந்த மரியாதையைப் பார்.

உனக்கு மூன்று தடவை போன் போட்டேன். நாலாவது தடவை எடுத்து, "எனக்கு போன்ல பேசப் பிடிக்கல, எழுதுங்க" என்று வைத்துவிட்டாய். கோபம் இன்னும் ஆறவில்லை என்று தெரிந்துகொண்டேன். சரி தாயே, எழுதுகிறேன்.

நடந்ததை மற என்று சொல்ல மாட்டேன், நானே மறக்கவில்லை. பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் போட்ட சிப்ஸ். வழக்கம்போல ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து உடைத்தாய். பதினாறு டின்னும் நமுத்துப் போச்சு, கொட்டு என்றாய். எனக்கு மொறுமொறுவென்றுதான் இருந்தது, அதைச் சொன்னேன். அதற்கு வறுக்கிற மாஸ்டர் எதிரிலேயே, "இத்தனை வருஷமா என் காது சொன்னதுதானே இங்க நடக்குது? பிடிக்கலைன்னா பிரிச்சுக்குவோம். கடை உங்களுக்கு, அடுப்படி எனக்கு" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினாய். ஊருக்குத் திரும்பியதும் பதில் சொல்ல வேண்டும் என்று கெடு வேறு.

என் மனசைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிரிய இஷ்டமில்லை. அதற்காக உன் காலில் விழவும் இஷ்டமில்லை.

அந்தச் சண்டைக்குப் பிறகு எப்போது பார்த்தாலும் எதையாவது மென்றுகொண்டே இருந்தாய். கோபத்தைச் சரக்கில் காட்டாதே.

இங்கே பெரிய சிப்ஸ் ஆலை ஒன்று இருக்கிறதாம், சுற்றிப் பார்க்க மகள் டிக்கெட் எடுத்திருக்கிறாள். "லீவு போட்டுட்டு வந்து ஆபீசைப் பாக்கறதா?" என்று உன் அண்ணன் புலம்புகிறார். நான் விடுவேனா?

இப்படிக்கு,
உன் அண்ணி

ஏப்ரல் 15

அண்ணிக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். மாஸ்டருக்குப் பல்வலி, கன்னத்தைக் கட்டிக்கொண்டு வறுக்கிறார். பதம் பார்க்கிற மேஜைக்கு முன்னால் உங்கள் முக்காலியில் யாரையும் உட்கார விடவில்லை, என் பையை வைத்திருக்கிறேன். நீங்கள் இல்லாமல் இடமே ஓய்ந்து கிடக்கிறது.

நான் சொன்ன சொல்லில் மாற்றமில்லை. பிரிவதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. கோபத்தில் எழுதவில்லை அண்ணி, காரணம் மட்டும் கேட்காதீர்கள்.

ஆலைக்குப் போனால் அவர்கள் பதம் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். மற்றதை இரண்டு வரியில் எழுதினால் போதும், அதை விவரமாக எழுதுங்கள்.

அண்ணனைக் குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம்.

நாத்தனார்

ஏப்ரல் 27

என் காதக்காவுக்கு,

இரண்டு வரியில் எழுது என்றால் நான் எழுதுகிறவளா? முழுசாகப் படி.

வாசலிலேயே தலைக்கு வலை மாட்டினார்கள். உன் அண்ணன் மீசைக்குத் தனியாக ஒரு வலை. முப்பது வருஷமாக முறுக்கிவிட்ட மீசை, கொசுவலைக்குள் படுத்த மாதிரி இருந்தது. மகள் போட்டோ எடுக்க, மனுஷன் அன்று முழுக்க எங்களோடு பேசவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு நடைபாதை, அதிலேயே நடத்திக் கூட்டிப்போனார்கள். கிழங்கு தண்ணீரில் மிதந்து வருகிறது, கல் அடியில் தங்கிவிடுகிறது. வறுக்கிற தொட்டி ஒரு பஸ் நீளம். கருகின வில்லை ஒன்று வந்தால் போதும், எங்கிருந்தோ காற்று வந்து அதை மட்டும் ஊதித் தள்ளுகிறது. நம் மாஸ்டர் இதைப் பார்த்தால் வாயைப் பிளப்பார். நான் பிளக்கவில்லை. எல்லாம் பிரமாதம்தான், ஆனால் எண்ணெய் வாசனையே இல்லாத அடுப்படி என்ன அடுப்படி?

இனி நீ கேட்ட விஷயம். கடைசியில் ஒரு சின்ன அறை. கனமான கதவு, சுவரெல்லாம் மெத்தை. உள்ளே ஒரு பெண் இரண்டு காதிலும் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு இயந்திரம் சிப்ஸை ஒவ்வொன்றாக உடைக்கிறது, அவள் அந்தச் சத்தத்தைக் கேட்கிறாள். கேட்டுத்தான் பாஸ், பெயில் போடுகிறாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நீ முக்காலியில் உட்கார்ந்து செய்கிற அதே வேலை!

மூன்று தட்டு வைத்து, எது பழசு என்று எங்களைக் கேட்டாள். எல்லோரும் தின்று பார்த்தார்கள். நான் உன்னை மாதிரியே காதோரம் வைத்து உடைத்தேன். நடுத்தட்டு என்றேன். சரியாக இருந்தது, கைதட்டினார்கள். மகளை விட்டு, "எங்க வீட்ல இதுக்குன்னே ஒருத்தி இருக்கா, நான் அவகிட்ட எடுபிடி" என்று சொல்லச் சொன்னேன். வாய்க்குத் தெரிவதற்கு முன்னாலேயே சத்தத்தில் தெரிந்துவிடும் என்று அந்தப் பெண் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

காதக்கா, நீ கொட்டச் சொன்ன பதினாறு டின்னை நான் கொட்டவில்லை. நீ மத்தியானம் சாப்பிடப் போன நேரத்தில் வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிட்டேன். வாயைத் திறக்கக் கூடாது என்று மாஸ்டரிடம் சத்தியம் வாங்கினேன். புகார் ஒன்றும் வரவில்லை. நான்தான் ஜெயித்தேன் என்று உள்ளுக்குள் துள்ளினேன். இப்போது புரிகிறது, என் வாய்க்குத் தெரியாதது உன் காதுக்குத் தெரிந்திருக்கிறது. நம் பெயர் ஒட்டின டின்னில் நமுத்த சரக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். உன் முதுகுக்குப் பின்னால் செய்திருக்கிறேன்.

இதைச் சொல்லாமல் உன் பக்கத்தில் வந்து உட்கார எனக்கு முகமில்லை. இதற்குப் பிறகும் பிரியத்தான் வேண்டும் என்றால் நியாயம்தான். நான் வாதாட மாட்டேன்.

உன் அண்ணி

மே 9

என் அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கிடங்கில் மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு அழுதேன், பிறகு சிரித்தேன். மாஸ்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "அந்தச் சத்தியத்தைக் காப்பாத்தினதுலதான் எனக்குப் பல்வலியே வந்துச்சு" என்றார்.

அந்தப் பதினாறு டின்னும் நல்ல சரக்கு அண்ணி. நமுத்தது என் காது.

அன்றைக்கு உடைத்தேன், சத்தமே வரவில்லை. நமுத்துப் போச்சு என்று கத்தினேன். நீங்கள் கடைப்பக்கம் போன பிறகு அடுத்த வாணலிச் சரக்கை உடைத்தேன், அதிலும் சத்தமில்லை. வாயில் போட்டுக் கடித்தேன், பல்லில் மொறுமொறு என்று தெரிந்தது. ஓடிவந்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எல்லோர் எதிரிலும் அவ்வளவு பேசிவிட்டு எந்த மூஞ்சியோடு சொல்வது? கொட்டியாச்சு, பள்ளிக்கூடத்துக்கு வேறு சரக்கு போயாச்சு என்று மாஸ்டர் சொன்னபோது நல்ல சரக்கைப் பாழாக்கிய பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன். அது பிள்ளைகள் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது என்று படித்ததும் எனக்கு உயிர் திரும்பி வந்தது. நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான்.

டாக்டரைப் பார்த்தேன். ஒரு காது முழுக்கப் போய்விட்டது, இன்னொன்று அரைகுறை. கருவி மாட்டச் சொன்னார், மாட்டேன் என்று வந்துவிட்டேன். காதக்கா காதில் கருவி என்றால் ஊர் சிரிக்காதா? போனில் நீங்கள் பேசியது ஒன்றும் கேட்கவில்லை, அதனால்தான் எழுதச் சொன்னேன். இத்தனை நாளும் டின்னுக்கு ஒன்று கடித்தே பதம் பார்க்கிறேன். இப்போது நாலு கிலோ.

பக்கத்திலேயே உட்கார்ந்தால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் பிரியலாம் என்றேன். உங்களைப் பிடிக்காமல் சொல்லவில்லை. காது இல்லாத காதக்காவை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரியவில்லை. முடிவை நீங்களே சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் நாத்தனார்

மே 20

அடி என் அசட்டுக் காதக்கா,

உன் கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். மீசையைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. இருபத்தொரு வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்தவளிடம் இதையா மறைப்பாய்? உன் காதை நம்பித்தான் உன்னோடு இருந்தேன் என்று நினைத்துவிட்டாயே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

என் முடிவு இது. பாகம் பிரிக்கிற பேச்சை இத்தோடு மூட்டை கட்டு. முதல் வேலையாக டாக்டரிடம் போய்க் கருவி வாங்கி மாட்டு. அவ்வளவு பெரிய ஆலையே காதில் கருவி மாட்டிக்கொண்டுதான் சிப்ஸ் கேட்கிறது, உனக்கு மட்டும் என்ன வெட்கம்? எவனாவது சிரித்தால் என்னிடம் அனுப்பு. கருவி பழகுகிற வரைக்கும் நான் உடைக்கிறேன், நீ கடி. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் டின் மூடவேண்டும். சண்டை வந்தால் வரட்டும், மாஸ்டருக்கும் பொழுது போகும்.

அடுத்த மாதம் எட்டாம் தேதி வந்துவிடுவேன், ஒன்பதாம் தேதி காலையில் வேலைக்கு வருவேன். முக்காலியிலிருந்து உன் பையை எடுத்து வை.

எந்தக் காது போச்சு என்று நீ எழுதவே இல்லை. என் முக்காலியை எந்தப் பக்கம் போடவேண்டும் என்று மட்டும் உடனே எழுது.

உன் அண்ணி