ஆறு மணி நேரச் செலவு

பாப்பா அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இந்தத் தடவை கப்பல் வழக்கமான வழியில் போவதா, வடதுருவப் பனிக்கடல் வழியிலா என்று கம்பெனி கேட்டது. செகண்ட் ஆபீசர் என்பதால் கணக்குப் போட்டது நான்தான். பனிவழியில் பன்னிரண்டு நாள் எண்ணெய் மிச்சம். ஆனால் முன்னால் பனி உடைத்துப் போகும் கப்பலுக்கு வாடகை, இன்சூரன்ஸும் இரண்டு மடங்கு. டிராஃபிக்குக்குப் பயந்து உன் தம்பி சந்துக்குள் ஆட்டோவைத் திருப்புவானே, அந்தக் கதைதான். பழைய வழியே லாபம் என்று எழுதிக் கொடுத்தேன்.

கேப்டன் படித்துவிட்டு, "ஏம்பா, எல்லாத் துறைமுகத்துக்கும் செலவு போட்டிருக்கே, உங்க ஊருக்கு மட்டும் காணோமே?" என்றார். சிரித்துவிட்டேன். பழைய வழியில் நம் ஊரில் கப்பல் நிற்கும் ஆறு மணி நேரத்தை நான் செலவாகவே நினைக்கவில்லை. அதைச் சேர்த்ததும் பனிவழி மயிரிழையில் ஜெயித்துவிட்டது. நம் ஊர்ச் சரக்கு வேறு கப்பலில் வரும்.

அதனால் பதினெட்டாம் தேதி துறைமுக கேட்டுக்கு வர வேண்டாம். கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி கம்பெனி ஆபீசில் கொடு, புதிதாகக் கப்பல் ஏறுகிறவர் கொண்டுவருவார். குளிர் ஒன்றும் பெரிதில்லை.

இன்னொன்று. கேட்டருகே பாப்பாவை என்னை ஒட்டி நிற்கவைத்து அளப்போமே, போன தடவை சட்டையின் நாலாவது பட்டன் வரை வந்தாள். பீரோவில் என் நீலச் சட்டை இருக்கிறது. ஆணியில் மாட்டி, அளந்து எழுது.

டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். ஆணியை என் தோள் உயரத்தில் அடி. எவ்வளவு என்று உனக்குத் தெரியும்.

பாப்பா அப்பா